நிமிடத்துக்கு இருபத்தாறு அடி

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் படக்காரி கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு சட்டி மூடியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். பார்த்தவர்கள் பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்கள். எவர்சில்வரைப் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலையல்ல. அந்தப் பளபளப்பில் ஜன்னலின் பிம்பம் விழும், விளக்கு விழும், எடுக்கிறவளின் மூக்கு விழும். எல்லாவற்றையும் துணியால் மறைத்து, கேமராவை ஒரு வினாடி முழுக்கக் கண் திறந்து வைத்தால்தான் மூடி மூடியாகத் தெரியும். அந்த ஒரு வினாடி எதுவும் அசையக் கூடாது.

அவளுக்கு நேர் கீழே மூன்றாம் நம்பர் பிரஸ் ஓடியது. தகட்டை ஒரே அடியில் சட்டியாக்குகிற ராட்சச இயந்திரம். மற்ற நாலும் சின்னவை; இது அடித்தால் மாடியே குலுங்கும். அடிக்கும் அடிக்கும் நடுவில் குலுக்கல் அடங்குகிற இடைவெளியில்தான் அவள் பொத்தானை அமுக்குவாள். நாலு வருஷமாக அப்படித்தான். காது கேட்காவிட்டாலும் முழங்கால் எண்ணிவிடும்.

மூன்று மாதமாகத்தான் படம் மங்குகிறது. குலுக்கல் அடங்குவதற்குள் அடுத்த அடி. அவள் லென்சைத் துடைத்தாள். கேமரா நிற்கும் முக்காலியை மாற்றினாள். கண் டாக்டரிடம்கூடப் போய்வந்தாள். குலுக்கலைத் தாங்க ரப்பர் பாய் கேட்டதற்கு, பாய் கேட்கிற படிவம் தீர்ந்துவிட்டது என்று மேலாளர் சொன்னார். ஷிஃப்டுக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று ஐந்தரைக்கு வரத் தொடங்கினாள். பிரஸ் ஐந்துக்கே ஓடத் தொடங்கியது.

அறை முன்பு சாக்குக் கிடங்கு. இப்போது வாசலில் 'டிஜிட்டல் புத்தாக்க மையம்' என்று பலகை. மையத்தில் மூன்று பேர்: படம் எடுக்க இவள், விளம்பர வரிகள் எழுத ஒருவர் (எல்லோருக்கும் அவர் 'வாசகம்'), வாங்கிய சட்டி ஓட்டை என்று இணையத்தில் திட்டுகிறவர்களுக்குப் பணிவாகப் பதில் எழுத ஒரு நடுத்தர வயதுக்காரி, 'பதிலக்கா'.

அன்று பதினொரு மணிக்கு மூவரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார் முதலாளி. அவரை இனி யாரும் முதலாளி என்று அழைக்கக் கூடாது, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று போன மாதம் சுற்றறிக்கை வந்திருந்தது. கீழே 'முதலாளி உத்தரவுப்படி' என்று மேலாளர் கையெழுத்து.

மேசைத் தலைமாட்டில் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். டிஜிட்டல் வேலையை நாமே வைத்துக்கொள்வதா, வெளி ஏஜென்சியிடம் கொடுப்பதா என்று நடுநிலையாகச் சொல்ல வந்தவர். நடுநிலைமை அவர் உடம்பெல்லாம் வழிந்தது. ஏஜென்சியின் காரில்தான் வந்து இறங்கினார்.

"எண்பத்து நாலு பக்கம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்," என்று திரையைக் காட்டினார். ஒரு பக்கம் படக்காரி எடுத்த மூடி, விளிம்பெல்லாம் புகை. மறுபக்கம் ஏஜென்சியின் மூடி, முழுநிலா மாதிரி. "எது வேணும்னு நான் சொல்லமாட்டேன். கண்ணு சொல்லட்டும்."

"அந்த மூடியில பிடியே இல்லீங்களே," என்றார் வாசகம். "எப்படித் திறக்கறது?"

"அது கம்ப்யூட்டர் வரைஞ்சது. திறக்க வேண்டியதில்ல."

"எங்க படம் மங்கறதுக்குக் காரணம் இருக்கு சார்," என்றாள் படக்காரி. "கீழ பிரஸ்ஸு…"

"காரணம் சொல்றது உள்குழுக்களோட பொதுவான வியாதி. முப்பத்தொண்ணாம் பக்கம்." தண்ணீர்க் கோப்பை மேசையில் துள்ளியது. ஆலோசகர் நெற்றியைத் தேய்த்தார். "இந்தச் சத்தத்த யாராவது நிறுத்த முடியுமா? சிந்தனையே ஓடல."

சத்தம் நின்றது.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். ஆலோசகர் புன்னகைத்தார். "பாத்தீங்களா? இதுதான் நிர்வாகம். ஒரு வார்த்தை, உடனே செயல்."

படக்காரியின் முழங்கால் அடுத்த அடிக்காகக் காத்திருந்தது. வரவில்லை. ஷிஃப்டின் நடுவில் மூன்றாம் நம்பரை யாரும் நிறுத்துவதில்லை. அவள் எழுந்து ஓடினாள். "முப்பத்திரண்டாம் பக்கம், ஒழுக்கமின்மை," என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

கீழே, மூன்றாம் நம்பரை ஓட்டுகிறவர், ஆலையில் எல்லோருக்கும் 'அண்ணன்', தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையை இரண்டு பேர் சாக்கில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார்கள். சாக்கு கறுத்துக்கொண்டே வந்தது. அவர் கத்தவில்லை, தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி இறங்கிய சட்டிக்குள் ஏதோ இருந்தது. படக்காரி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும். கை இரண்டும் வெளியே இருக்கிறது என்பதற்கு அதுதான் உத்தரவாதம். ஃபோர்மேன் ஓடிவந்தார். அவர் கையில் முதலுதவிப் பெட்டி இல்லை, குறடு இருந்தது. இடது பொத்தானை எப்போதும் அமுங்கியே இருக்கும்படி கட்டியிருந்த கம்பியை வெட்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம்தான், "ஐயோ, வண்டிய கூப்பிடுங்கப்பா," என்றார்.

மூன்று விரல்.

மத்தியானம் முதலாளி படக்காரியை மட்டும் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ தங்கமான பொண்ணு. ஏஜென்சியில உன்ன மட்டும் எடுத்துக்கச் சொல்லியிருக்கேன்."

"மத்த ரெண்டு பேரு சார்?"

"அவங்களுக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு பதிவு போடுவோம். அழகா இருக்கும்." ஒரு தாளை நகர்த்தினார். "ஏஜென்சிக்குக் குடுக்கறதுக்குக் கணக்குல ஒரு காரணம் வேணும். இதுல கையெழுத்துப் போடு. பழைய வீடியோ இருக்கற டிஸ்க்கையும் அவங்ககிட்ட ஒப்படைச்சுடு. எல்லாத்தையும் அழிச்சுட்டு சுத்தமா ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க."

அவள் கணவன் மூட்டை தூக்கி இடுப்பு போனவன். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அவன் மல்லாந்து படுத்தபடியே மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்தாள். தாளில் எழுதியிருந்தது: 'என்னுடைய கவனக்குறைவினால் மட்டுமே இது நடந்தது. நிர்வாகத்துக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை.' அதற்குக் கீழே ஒரு கோடிட்ட இடம்: 'பிரஸ் எண்.'

படம் எடுக்கிறவளுக்கு எதற்கு பிரஸ் எண்? அவள் அந்தக் காலி இடத்தையே பார்த்தாள். தன் படத்தை மங்கடித்ததும் அதுதானே, மூன்று என்று எழுதினால்கூடச் சரிதான் என்று தோன்றியபோது கை பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

"நாளைக்குக் குடுக்கறேன் சார்."

"நாளைக்கு ஏழு மணி. அதுக்கப்பறம் ஏஜென்சி மனசு மாறிடும்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிரஸ்காரர்கள் நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மாடியிலிருந்து வந்தவளை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"போட்டோ எடுக்க வந்தீங்களாம்மா?" என்றார் ஒருவர். "விரல் இல்லாத கை, உங்க இணையப் பக்கத்துக்கு அழகா இருக்காது."

"விடுப்பா," என்றார் அண்ணன். "உக்காரு தங்கச்சி. உங்க ஏஜென்சி ஏற்கெனவே போட்டுட்டாங்க." ஃபோனை நீட்டினார். 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்ற தலைப்பின் கீழ் கம்ப்யூட்டர் வரைந்த ஒரு தொழிலாளி பல் தெரியச் சிரித்துக்கொண்டு கை அசைத்தான். அந்தக் கையில் ஆறு விரல். "என்னோடது எங்க போச்சுன்னு தேடிட்டிருந்தேன். ஒண்ணு இங்க இருக்கு. மீதி ரெண்டத்தான் காணோம்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அவரே சிரித்தார், வலியில் பாதியில் நின்றது.

தலையணைக்கடியில் அவருக்கும் ஒரு தாள் வந்திருந்தது. இவள் தன் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரே தாள், ஒரே வரி. அவருடையதில் மட்டும் பிரஸ் எண்ணை யாரோ அக்கறையாக நிரப்பியிருந்தார்கள்.

"மிஷின் பதினெட்டுலதான் ஓடிச்சுன்னு எழுதிட்டாங்க," என்றார் அண்ணன். "நிமிஷத்துக்கு இருபதத் தாண்டக் கூடாதுன்னு அது மேலயே தகடு அடிச்சிருக்கு. மூணு மாசமா எவ்வளவு ஓட்டினோம்னு எங்களுக்குத் தெரியும். சொன்னா யாரு நம்புவா?"

படக்காரி கைப்பையைத் திறந்து டிஸ்க்கை எடுத்தாள். சட்டி சுழல்வது மாதிரி வாரம் ஒரு வீடியோ எடுப்பாள். வெளியே போடும்போது பாட்டுச் சேர்த்துவிடுவார்கள். மூலப்பதிவில் சத்தம் அப்படியே இருக்கும். ஃபோனில் செருகி முதலில் போன வருஷத்தது ஒன்றைப் போட்டாள்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம பிரஸ்தான். ஏறும்போது ஒரு இருமல் இருமும் கேளு." மற்றவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதட்டால் எண்ணினார்கள். பதினெட்டு. அடுத்து போன வாரத்தது. எண்ணி முடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பப் போடச் சொன்னார்கள். இருபத்தாறு.

"எனக்கு மூணு மாசமாத் தெரியும்ணா," என்றாள் படக்காரி. "படம் மங்குதுன்னு தெரியும். கேமராவத் துடைச்சேன். கீழ என்னன்னு வந்து கேக்கல."

"நாங்க மட்டும் மேல வந்து கேட்டமா? ஏசியில உக்காந்திருக்காங்கன்னு பேசிட்டுப் போனோம்."

"ஏசி ஓடாதுண்ணா. பெட்டிய மட்டும் மாட்டி வெச்சிருக்காங்க."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் வந்து அதட்டினாள்.

மறுநாள் ஏழு மணிக்கு ஆலை வாசலில் பதினேழு பிரஸ்காரர்களும் மூன்று டிஜிட்டல்காரர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு அட்டை: மூன்றாம் நம்பரைத் தகட்டில் எழுதியிருக்கிற வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டோம், தாளில் கையெழுத்துப் போடமாட்டோம், மாடியில் யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது. வாசகம் வாழ்நாளில் முதன்முறையாக உண்மையை மட்டும் எழுதிய அட்டை அது. எழுத்து கொஞ்சம் கோணலாகவே வந்திருந்தது.

முதலாளி காரை விட்டு இறங்கினார். ஆலோசகர் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் ஏற்றிக்கொண்டார்.

"சட்டி அடிக்கறவனுக்கும் படம் எடுக்கறவளுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நீங்கதான் சார் ரெண்டு பேருக்கும் ஒரே தாளக் குடுத்தீங்க."

"டிஸ்க் எங்க?"

"ராத்திரியே தொழிற்சாலை ஆய்வாளர் வீட்டுக்குப் போய் நகல் ஒண்ணு குடுத்து ரசீது வாங்கியாச்சு," என்றாள் பதிலக்கா. எத்தனையோ பேரிடம் பணிவாக மன்னிப்புக் கேட்ட அதே குரல்.

"ஆய்வாளர் எனக்குத் தெரிஞ்சவர்."

"எண்ணத் தெரிஞ்சவரா சார்?" என்றார் வாசகம்.

முதலாளியின் முகத்திலிருந்து குடும்பப் பாசம் வடிந்துபோனது. "ஒன்பது மணிக்குள்ள உள்ள வராதவன் எவன் பேரும் பதிவேட்டுல இருக்காது. சட்டிய வெளியில அடிச்சு வாங்கிப்பேன். படத்தையும் வெளியில எடுத்துப்பேன்."

கேட் சாத்திக்கொண்டது. எட்டரைக்கு ஒருவர் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டின் சின்னக் கதவு வழியாக உள்ளே போனார். வீட்டில் ஐந்து வயிறு. ஒன்பது அடித்தது. பத்தொன்பது பேர் இருந்தார்கள். வெயில் தலையைப் பிளந்தது. தார் ரோடு கானலாடியது. தொலைவில் ஆய்வாளரின் ஜீப் என்று எதுவும் தெரியவில்லை.

பத்து மணிக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நரைத்த தலையோடு ஒருவர் கனத்த பையைச் சுமந்துகொண்டு இறங்கினார். கழுத்தில் ஏஜென்சியின் அட்டை.

"படம் எடுக்க அனுப்பிச்சாங்க," என்றார் தயங்கி. "மகிழ்ச்சியான தொழிலாளர்கள்னு தலைப்பு. பன்னிரண்டு படம்."

"ஏஜென்சியில எத்தன வருஷமாண்ணே?" என்று கேட்டாள் படக்காரி.

"ஏஜென்சியில எங்கம்மா? என் ஸ்டுடியோவ மூடினப்பறம் படத்துக்கு இவ்வளவுன்னு கூப்பிடுவாங்க. பிடிக்கலன்னா அதுவும் கிடையாது. இந்த அட்டைகூடத் திருப்பித் தரணும்." தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் கோரிக்கை அட்டையைப் படித்தார். "என்ன ஆச்சு இங்க?"

அண்ணனோடு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்த பிரஸ்காரர் சொன்னார். நாலே வாக்கியம். பெரியவர் கேட்டுக்கொண்டு நின்றார். கேட்டின் சின்னக் கதவை ஃபோர்மேன் திறந்து, "வாங்க சார், உங்களுக்குத்தான் காத்திட்டிருக்கோம்," என்றார்.

அவர் கதவைப் பார்த்தார். தன் பையைப் பார்த்தார். அந்தப் பன்னிரண்டு படத்தில் ஒரு வார வீட்டுச் செலவு இருந்தது என்று படக்காரிக்குத் தெரியும். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்தார்.

பெரியவர் ஃபோனை எடுத்தார். சூரியன் நேரே அவர் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்தபடி பேசினார்.

"ஆமா சார், வந்துட்டேன்… இல்லீங்க, எடுக்க முடியாது. வெளிச்சமே இல்ல. சுத்தமா இல்ல… நாளைக்கா? நாளைக்கும் இருக்காதுன்னுதான் தோணுது."