‘போறேன்’ சொல்லக் கூடாத புரோகிராம்

சேது குளோபல் சொல்யூஷன்ஸ் ராமநாதபுரத்தில் ஓர் உரக்கடை மாடியில் இருக்கிறது. அதன் எம்.டி. சேதுபதி ஜாவா என்ற கணினி மொழியைப் பதினைந்தே நாளில் கரைத்துக் குடித்தவர். சான்றிதழ் அவர் தலைக்கு நேர் மேலே தொங்குகிறது. புரோகிராம் எழுதுவது மட்டும் சூஃபியாவின் வேலை. ஆறு மாதமாக டிரெய்னி. பாம்பனில் ஒரு படகு உரிமையாளர் சங்கத்துக்குக் காட்டப்போகும் டெமோ நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் வீடு.

படகு எண்ணைத் தட்டினால் அது சங்கப் பட்டியலில் உண்டா இல்லையா என்று திரை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

டெமோவுக்கு முந்தின நாள் எம்.டி. திரையில் விரலை வைத்தார். “இது என்னம்மா, பிரேக்கு?”

“பட்டியல்ல ஒவ்வொரு படகாப் பாத்துட்டே வரும் சார், அதான் லூப்பு. தேடுன படகு கெடச்சிருச்சுன்னா அதோட லூப்பை விட்டு வெளிய வந்துரும். ‘சரி, போறேன்’னு கெளம்புற மாதிரி.”

“போறேனா? கடலுக்குப் போற ஆளுக முன்னாடியா? வீட்டுலயே வாரேன்னு சொல்லிட்டுத்தானம்மா கெளம்புறோம்! ஜாவாவுல வாரேன் கெடையாதா?”

“கன்டின்யூன்னு ஒண்ணு இருக்கு சார். ஆனா அதப் போட்டா அடுத்த படகப் பாக்கப் போயி…”

“ஆங், அது மங்களகரமா இருக்கு.”

அவள் சாப்பிடப் போன நேரத்தில் தன் கையாலேயே மாற்றினார். ஓர் எழுத்துப்பிழை இல்லை. பதினைந்து நாள் படிப்பு வீண்போகவில்லை.

மறுநாள் பாம்பனில் ‘உலகத்தரம்’ என்று ஒன்பது முறை சொல்லிவிட்டு எம்.டி. உட்கார்ந்தார். சங்கத் தலைவர் நெய்னா முகம்மது தன் படகு எண்ணைச் சொன்னார்.

இல்லை, என்றது திரை.

“என்னம்மா இது? காலையில கரையில பாத்துட்டுத்தான வந்தேன்?”

செயலாளர் சோணைமுத்துவின் படகும் இல்லை. யார் கேட்டாலும் இல்லை. பட்டியலின் கடைசிப் படகு மட்டும் உண்டு. அதை உடைத்து விறகாக்கி இரண்டு வருடம் ஆகிறது.

“டிரெய்னி செஞ்ச வேலைங்க. இன்னியோட அனுப்பிர்றேன்,” என்றார் எம்.டி.

சூஃபியா புரோகிராமைத் திறந்தாள். ஒரே சொல். மாற்றி ஓடவிட்டாள். நெய்னா முகம்மது படகு உண்டு, சோணைமுத்து படகு உண்டு.

“எதம்மா மாத்துன?” என்றார் நெய்னா முகம்மது.

அவள் எம்.டி. பக்கம் திரும்பவில்லை. “ஒங்க படகு கெடச்ச பெறகும் நிக்காம அடுத்ததப் பாக்கப் போயிருக்கு மாமா. அது வேற நம்பரு, அதனால ‘இல்லை’ன்னு மாத்தி எழுதிருச்சு. கடைசி வரைக்கும் இப்பிடியே. நான் நிக்கத்தான் சொல்லியிருந்தேன். போறேங்கிறது ஆகாதுன்னு சார் மாத்திட்டாரு.”

யாரோ இருமினார்கள். எம்.டி. மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“இந்தப் புள்ளைக்கு நிரந்தரம்னு எழுதிக் குடுங்க. பெறகு ஒப்பந்தத்துல எங்க கையெழுத்து,” என்றார் தலைவர்.

எம்.டி. பேனாவைத் திறந்தார். “உண்மையில அது… இந்தப் பொண்ணுக்கு நான் வச்ச டெஸ்ட்டுதாங்க.”

“நல்லாத்தான் வச்சீக தம்பி. எழுதுங்க.”