புள்ளி வைக்காத மனுக்கள்

கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் ஆட்காட்டி விரலில் ஏறியிருந்த பென்சில் கரியை மகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது போவதாக இல்லை. அடுத்த அறையில் அப்பா, நாளைய உரையை வியாழனுக்குத் தள்ளிவைக்கும்படி வானொலி நிலையத்தாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு சாவு என்று மட்டும்தான் சொன்னார். யார் என்று அவர்களும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அப்பா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். நூறு வருடத்துக்கு முந்தைய துறைமுகக் கூலிகளின் மனுக்களை வைத்து அவர் எழுதிய புத்தகத்துக்குப் போன மாதம் பரிசு கிடைத்தது. அதிலிருந்து நூலகம், பள்ளிக்கூடம், வானொலி என்று மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மனுக்களில் ஒரு வரியைக்கூட அவரால் படிக்க முடியாது என்பது வீட்டில் மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினோரு வருடம் அவற்றைப் படித்து எழுதிக்கொடுத்தவள் அம்மா. நன்றியுரையில் அவளுக்கும் இடம் இருந்தது: 'வேளாவேளைக்குத் தேநீர் தந்த மனைவிக்கு.'

"தேத்தண்ணிய மட்டும் அவரே போட்டுக்குவாரு" என்று சொல்லி, புத்தகம் வந்த அன்று அம்மா சிரித்தாள். மகளுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் ஆறவில்லை.

பதினோரு மணிக்குத் துறைத்தலைவர் பூக்களோடு வந்தார். துறையின் மாத மடல் இன்றே அச்சுக்குப் போகிறது, பரிசுச் செய்திக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, அம்மாவைப் பற்றி இரண்டு வரி எழுதித் தாருங்கள் என்றார். மகள் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு வரி தாராளம். செத்தவள் காலடியில் நின்றுகொண்டா மறைப்பார்?

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதி நீட்டினார். மகள் எட்டிப் பார்த்தாள். 'பேராசிரியரின் அன்பு மனைவி. சிறந்த இல்லத்தரசி.'

துறைத்தலைவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"அம்மாதான் படிச்சாங்கன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமேப்பா."

"போட்டா பரிசு கொடுத்தவங்க என்ன நினைப்பாங்க? அவளே ஒரு நாளும் கேட்டதில்ல. நீ ஏன் இப்ப கிளறுற?"

கேட்டதில்லைதான். அதை நினைத்துத்தான் மகளுக்கு வயிறு எரிந்தது.

அம்மாவைக் கொண்டுபோக வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அப்பா அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த புத்தகத்துக்கான மனுக்கள் மேசைமேல் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அம்மா பாதிதான் முடித்திருந்தாள். மேலே இருந்த தாளை எடுத்து நீட்டினார். குரலில் தேன் ஒழுகியது.

"சின்ன வயசுல அம்மா பக்கத்துல உக்காந்து நீயும் படிப்பியே. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரேன்மா."

மகள் வாங்கிப் பார்த்தாள். வெயிலுக்கு ஒதுங்க நிழலில்லை, ஒரு கூரை போட்டுத்தர வேண்டும், இதை ஏழாவது தடவையாக எழுதுகிறோம் என்று இருந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டாள்.

"தெரியலப்பா. எல்லாம் மறந்துபோச்சு" என்றாள்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். திறந்திருந்த கதவு வழியே அப்பா தெரிந்தார். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை.