வெள்ளையம்மாள் வரும்வரை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கஸ்தூரி நோயாளிகளுக்காக ஜெபிக்க நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். கையில் பைபிள், பிளாஸ்க் நிறையக் கஞ்சி.

"வந்துட்டியா? உங்க ஏசுவுக்கு ஞாயித்துக்கெழமகூட லீவு கெடையாதா?" என்றாள் அன்று வார்டு ஆயா கன்னியம்மாள்.

"உனக்கு மட்டும் இருக்குதா?" என்று சிரித்தபடி கஸ்தூரி ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள்.

அங்கே கீழ்பென்னாத்தூர் முருகவேல் கிடந்தான். இளவயசு. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, முற்றிய பிறகே கொண்டுவந்திருந்தார்கள். ஈரல் போய்விட்டது, இனி மருந்தில்லை என்று டாக்டர் காலையில் கைவிரித்துவிட்டார்.

அவன் அம்மா வெள்ளையம்மாள் எழுந்து வந்தாள்.

"தங்கச்சி, இன்னிக்குப் பௌர்ணமி. மலைய சுத்தி வரேன், புள்ளய குடுத்துடுன்னு அண்ணாமலையார்கிட்ட சொல்லிட்டேன். இவன தனியா வுட்டுட்டு எப்பிடிப் போறது? நீ கூட இருக்கியா?"

போகாதீங்க என்று சொல்ல கஸ்தூரிக்கு வாய் வரவில்லை. அந்தத் தாய்க்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்."

மத்தியானத்துக்கு மேல் முருகவேலுக்கு மூச்சு இழுத்தது. நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அவங்கம்மாவக் கூட்டியாரணுமே," என்றாள் கஸ்தூரி.

"லட்சம் ஜனம் சுத்துது. அதுல எங்கனு தேடுவ?" என்றாள் கன்னியம்மாள்.

கஸ்தூரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சுகம் கேட்டு ஜெபிக்க வந்தவள், இப்போது கேட்டது கொஞ்சம்தான். ஆண்டவரே, அவங்க வர்ற வரைக்கும் மட்டும்.

"அம்மா," என்றான் முருகவேல். கண் எதையும் பார்க்கவில்லை. "அம்மா..."

"இங்கதான்டா இருக்கேன்," என்றாள் கஸ்தூரி.

அவன் விரல்கள் இறுகின. பிறகு தளர்ந்தன.

விளக்கு போடும் நேரத்தில் வெள்ளையம்மாள் வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வந்தாள். மூடிய முகத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக் கூப்ட்டானா?" என்றாள்.

"கூப்ட்டான்க்கா. நான்தான் பதில் சொன்னேன். நீங்கன்னு நெனச்சிக்கிட்டான்."

வெள்ளையம்மாள் தலையாட்டினாள். "உங்க சாமி அப்ப இன்னா பண்ணிட்டிருந்தாரு?"

பைபிளில், செத்துப்போன சிநேகிதனின் கல்லறை முன்னால் இயேசு கண்ணீர் விட்டது மட்டுமே கஸ்தூரிக்கு நினைவு வந்தது.

"அழுதுட்டிருந்தாருக்கா."

"அழுவறதுக்குத்தான் நான் இருக்கனே," என்றாள் வெள்ளையம்மாள்.

கஸ்தூரியும் தரையில் உட்கார்ந்து, அந்தக் கொப்புளம் கண்ட கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வெள்ளையம்மாள் தடுக்கவில்லை.