வுட் வந்தால் டூ, வராவிட்டால் இங்

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல்மாடியில் மனோகரன் ஆங்கிலம் விற்றுக்கொண்டிருந்தார். கீழேயும் அல்வா, மேலேயும் அல்வா என்று அந்தத் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கிலாந்துக்குப் போகத் துடித்த நர்ஸுகளுக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

அவர்கள் எழுத வேண்டிய தேர்வில் பேச்சுப் பகுதி ஒன்று உண்டு. தேர்வாளர் நோயாளியாக நடிப்பார். நர்ஸ் அவரிடம் ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்க வேண்டும். உலகத்து நோயாளிகள் அத்தனை பேரையும் மனோகரன் ஒரே வரியில் அடக்கி வைத்திருந்தார்.

"பேஷண்டுக்கு ஆயிரம் விருப்பம் இருக்கும். ஊசி வேணாம்பான், வீட்டுக்குப் போறேம்பான். நீங்க வினைச்சொல்ல மட்டும் பாருங்க. லைக், லவ், ஹேட், ப்ரிஃபர். முன்னாடி வுட் வந்தா பின்னாடி டூ. வராட்டி இங். ஐ ப்ரிஃபர் ரீடிங். ஐ வுட் ப்ரிஃபர் டூ ரீட். முடிஞ்சுது இங்கிலீஷ்."

ஆஷ்லின் கையைத் தூக்கினாள். திருக்காட்டுப்பள்ளிக்காரி. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்ஜரி வார்டில் பல வருஷமாக வேலை பார்ப்பவள். "சார், லைக்குக்குப் பின்னாடி ரெண்டுமே வரலாம்னு புக்குல போட்டிருக்கு."

"புக்கு எழுதினவன் உன்னை லண்டனுக்கு அனுப்புவானா?"

"மாட்டான் சார்."

"நான் அனுப்புவேன். நான்சென்ஸ் பேசாம உக்காரு."

உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அவள் தோழி ஃபிளோரா, "உனக்கு ஏன்டி இந்த வேலை" என்று தொடையில் கிள்ளினாள். ஃபிளோராவுக்கு வுட், டூ, இங் மூன்றும் ஜெபமாலை மாதிரி ஆகிவிட்டிருந்தன. பஸ்ஸிலும் உதடு அசைந்துகொண்டே வரும்.

இங்கிலாந்து மருத்துவமனை ஒன்று ஆஷ்லினைத் தேர்வு செய்து, ஆங்கிலத்தில் பாஸாகி வந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. "பாஸ் நிச்சயம், இங்க பேப்பர் போட்டுடு" என்றார் மனோகரன். அந்த வாயை நம்பி அவள் ராஜினாமாவும் கொடுத்துவிட்டாள். நோட்டீஸ் காலம் பொங்கலோடு முடியும். அவள் இடத்துக்கு வேறு ஆளையும் எடுத்தாயிற்று. இங்கிலாந்தும் அதுவரைதான் காத்திருக்கும். தேர்வில் கோட்டை விட்டால் அந்த வேலையும் இல்லை, இந்த வேலையும் இல்லை. இப்படி ஒரு நிலைமையில் தன்னைத்தானே கொண்டுபோய் நிறுத்திக்கொள்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

திருச்சியில் தேர்வு நடந்தது. ஆபரேஷனே வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்றார் நோயாளியாக நடித்தவர். ஆஷ்லினின் மூளை வுட்டைத் தேடிப் போனது. கிடைத்ததும் டூவைத் தேடியது. கடைசியில், "நீங்கள் வீட்டுக்குப் போக விரும்புகிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது" என்று ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லாமல் சொல்லி முடித்தாள்.

"ஆமாம், அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் தேர்வாளர்.

அதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை. நோயாளி சொன்னதையே சலவை செய்து அவர் கையில் திருப்பிக் கொடுப்பதற்கா இத்தனை மாதம் மாடிப்படி ஏறினோம் என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ரிசல்ட் வந்தபோது மாடிக்கூட்டம் மொத்தமும் பேச்சில் தோற்றிருந்தது. எல்லோரும் அதே பாணியில் சலவை செய்திருந்தார்கள்.

மனோகரன் கொஞ்சமும் கலங்கவில்லை. "நீங்க யாரும் இங்கை மதிக்கல. மறுபடி சேருங்க, முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

ஃபிளோரா அங்கேயே சேர்ந்தாள். ஆஷ்லின் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அப்போது அவள் வார்டில் காயாரோகணம் என்று ஒருவர் படுத்திருந்தார். நாகப்பட்டினம் பக்கம் விசைப்படகு ஓட்டுகிறவர். சர்க்கரைப் புண். வலது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரே பிடியாக இருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து வார்டு அடங்கிய நேரத்தில், ஆஷ்லின் கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஐயா, நான் இங்கிலீஷ்ல பேசுறேன். நீங்க பாட்டுக்குத் தமிழ்ல பதில் சொல்லுங்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

மனப்பாடத்தை எடுத்து ஒப்பித்தாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "யாருகிட்ட பேசுன?" என்றார்.

"உங்ககிட்டதான்."

"என்கிட்டன்னா என் மூஞ்சிய பாத்துல்ல பேசணும்? பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்ற மாதிரி செவுத்த பாத்துப் பேசுற. இதுக்கு நர்ஸ் எதுக்கு, ரேடியோ போதுமே."

ஆஷ்லினுக்குச் சுர்ரென்றது. ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்து, வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எது இங், எது டூ என்று பார்க்க நேரமில்லை. ஆனால் கை தானாகவே வாசலைக் காட்டியது, புருவம் ஏறியது.

"வீட்டுல என்ன இருக்குங்கறியா?" என்றார் காயாரோகணம். "வீட்டுல ஒரு மண்ணும் இல்ல. போட்டுதான். நான் நாள் கணக்கா இங்க கிடந்தா என் தம்பி வேற டிரைவரைப் போட்டுருவான். விரல் போயிட்டா அலையில நிக்க முடியாதும்பான். முடியுமா முடியாதா, அத சொல்ல மாட்டேங்குறாங்க ஒருத்தரும்."

முடியும் என்றாள். சுண்டுவிரல் போனாலும் நிற்கலாம், புண் ஏறிப் பாதமே போனால்தான் நிற்க முடியாது என்று தன் காலைத் தூக்கிக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கினாள். தொழில் விஷயம் என்பதால் அதையே தமிழிலும் ஒருமுறை சொன்னாள்.

"மொதல் தடவையே புரிஞ்சுது. இப்பதான் திட்டுற மாதிரி பேசுற. இப்படிப் பேசு."

மறுநாள் கையெழுத்துப் போட்டார். விரலை எடுத்தார்கள். புண் ஆறக் காத்திருந்த நாளெல்லாம் ஸ்டூல் அங்கேயேதான் கிடந்தது. பழகிய பேஷண்ட் ஒருவரே போதாது என்று அவரே பக்கத்துக் கட்டில்காரர்களையும் ஆஷ்லினிடம் தள்ளிவிட்டார். "கேளும்மா, இந்த ஆளு மாத்திரைய தலகாணிக்கு அடியில வைக்கிறாரு. இங்கிலீஷ்ல கேளு, அப்பதான் பயப்படுவாரு."

மார்கழியில் இரண்டாவது தேர்வு. இந்த முறை தையல் போடவே கூடாது, வீட்டுக்கு அனுப்பு என்றார் நடிப்பு நோயாளி. ஆஷ்லின் அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எதற்குப் பயம் என்று கேட்டாள். பாதியில் ப்ரிஃபருக்குப் பின்னால் இங்கும் இல்லாமல் டூவும் இல்லாமல் மொட்டையாக ஒரு வார்த்தை விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். மணி அடித்தபோது நோயாளி தையலுக்குச் சம்மதித்திருந்தார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ரிசல்ட் வந்தது. பாஸ்.

அதைத் திருக்காட்டுப்பள்ளியில் அவள் அம்மாவிடம் சொல்வதற்குள் மனோகரனுக்குத் தெரிந்துவிட்டது. "ஆஷ்லின்மா, நம்ம புது பேட்ச் பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்" என்று குழைந்தார். சொல்ல வேண்டியது இருந்ததால் போனாள். புதுப்பிள்ளைகளுக்கு நடுவே ஃபிளோராவும் உட்கார்ந்திருந்தாள். மனோகரன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்.

"இங்க படிச்சேன், ஃபெயிலானேன்" என்றாள் ஆஷ்லின் நிதானமாக. "அப்புறம் வார்டுல பேஷண்ட்டுங்ககிட்ட பேசிப் பேசி பாஸ் பண்ணேன். நீங்களும் காசை வீணாக்காம உங்க பேஷண்ட் மூஞ்சியப் பாருங்க."

மனோகரன் மட்டும் பலமாகக் கைதட்டினார். தட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று ஆஷ்லினுக்கு அப்போது விளங்கவில்லை.

சாயங்காலம் ரீல் வந்ததும் விளங்கியது. பின்னணியில் எழுச்சி இசை. திரை நிறைய ஆஷ்லின் முகம். "இங்க படிச்சேன்... பாஸ் பண்ணேன்." அவ்வளவுதான். நடுவில் இருந்ததைக் கத்தரி தின்றுவிட்டது. கீழே கமெண்ட்டில் அட்மிஷன் கேட்டு வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

போனில் மனோகரனைப் பிடித்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டாள். "நீ சொல்லாத ஒரு வார்த்தையாச்சும் அதுல இருக்காம்மா?" என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அடுத்து ஃபிளோரா கூப்பிட்டாள். குரலில் உற்சாகம் வழிந்தது. "ரீல் பாத்தியாடி? சூப்பரா இருக்கே. நான் அடுத்த பேட்சுக்கும் இப்பவே பேர் குடுத்துட்டேன்."

"நீ அங்கதானே இருந்தே? நான் சொன்னத முழுசா கேட்டியே."

"கேட்டேன். ஆனா பாக்குறப்ப ஒரு நம்பிக்கை வருதுல்ல."

"நான் இங்கிலாந்துக்குக் கிளம்புறதுக்குள்ள வார்டுக்கு வா ஃபிளோரா. காயாரோகணம் ஐயா டிரெஸ்ஸிங்குக்கு வருவாரு. அவர்கிட்ட பேசிப் பழகு."

"அய்யோ, அந்த ஆளு திட்டுவாருடி."

"மனோகரன் சார் மட்டும் கொஞ்சுறாரா?"

"அவரு இங்கிலீஷ்ல திட்டுறாருடி" என்றாள் ஃபிளோரா.