வெள்ளிக்கிழமைக் கடல்

சபியா உம்மாவின் மகள் றிஸ்மியா வெளிநாட்டு மேடைகளில் பியானோ வாசிக்க உட்கார்ந்தால் இலங்கையில் அவளுடைய ஊரான மருதமுனையில் கடல் கால் மைல் பின்வாங்கும். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும். தனியாகப் பயிற்சி செய்யும்போது கடல் அசையாது. கேட்பதற்கு ஆள் இருக்கவேண்டும். அவளுடைய பத்தொன்பதாவது வயதில், ஆம்ஸ்டர்டாமில் ஒரு போட்டியில் வாசித்த பகல்பொழுதில் இது முதல் தடவை நடந்தபோது ஊரே ஓட்டம் பிடித்தது. கடல் பின்வாங்கினால் அடுத்து என்ன வரும் என்று சுனாமி கண்ட கரையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. சோற்றை அடுப்பில் விட்டவர்களும் பாதிச் சவரத்தோடு எழுந்தவர்களும் பொழுதுபடும்வரை வயல் பக்கம் நின்றார்கள். அலை வரவில்லை. நாலாவது ஓட்டத்துக்குப் பிறகு அவளுடைய மூத்த சகோதரன் பர்ஸான் காக்கா தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தான். ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நேரத்தை முன்கூட்டிச் சொன்னால் போதும் என்றது.

அடுத்த ஊரான பாண்டிருப்பில் தோணி வைத்திருக்கும் நல்லரெத்தினம் மட்டும் அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, வாசிக்க வேணாமெண்டு சொல்லல்ல. எங்கட தோணியெல்லாம் மணல்ல ஏறி நிக்குது. வெள்ளிக்கிழமையில வாசிச்சா ஆருக்கும் கரைச்சல் இல்ல." வெள்ளியன்று முஸ்லிம் மீனவர்கள் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடலுக்குப் போவதில்லை, அவருடைய ஆட்களும் அன்றைக்கே ஓய்வெடுக்கச் சம்மதித்தார்கள். அன்று முதல் றிஸ்மியா ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி நிகழ்ச்சிகளை மட்டும் ஏற்றாள். ஊரில் அப்போது பிற்பகல் மூன்றரை. "இண்டைக்கு றிஸ்மியா வாசிக்கிறா, ஒருத்தரும் ஓட வேணாம்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கடலடி மணலில் கிரிக்கெட் நடக்கும். பெரிய மண்டபங்களின் மாலை நிகழ்ச்சிகள் எல்லாம் கைநழுவிப் போவதைப் பார்த்து அவளுடைய ஏற்பாட்டாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

சுனாமிக்குப் பிறகு கம்பளிச் சட்டைகளோடு நிவாரண லொறியில் வந்திறங்கிய பியானோவில்தான் எட்டு வயதில் அவள் முதலில் விரல் வைத்தாள். அது யார் கேட்டு வந்ததென்று இன்றுவரை தெரியாது. தம்பி ஸாஜிதைக் கடல் கொண்டுபோய் மூன்று மாதம், உம்மா யாரோடும் கதைக்காத காலம் அது. சத்தம் வருகிற ஒரு சாமான் கிடைத்ததே பெரிது. பதினாறில் புலமைப்பரிசில், இருபத்தைந்துக்குள் பத்து நாடுகள். எந்த நேரமும் வீட்டுக்குத் திரும்பவேண்டி வரலாம் என்று எந்த ஊரிலும் அவள் பெட்டியை முழுதாகத் திறந்ததில்லை.

ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளியும் சபியா உம்மா அந்த ஈரமணலில் இறங்கி நடந்தார். அலை வந்த காலையில், ஸாஜித் அயலவர்களோடு முன்னால் ஓடிவிட்டான் என்று நினைத்து அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருந்தார். அவன் உள்ளே இருந்தான். வீட்டைப் பூட்டிய அந்தத் திறப்பு இன்னும் அவருடைய முந்தானையில் முடிந்திருந்தது. வீடு இருந்த இடம் இப்போது கடலுக்குள். அதைத் தேடித்தான் போனார், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தூரமாக. அவர் திரும்பியதும் "உம்மா கரைக்கு வந்துட்டா" என்று பர்ஸான் செய்தி அனுப்புவான். அது வரும்வரை றிஸ்மியா கையை எடுக்கமுடியாது. பியானோவின் மேல் எப்போதும் தொலைபேசி இருக்கும். வாத்தியக் குழுக்களோடு அவள் சேர்வதில்லை. ஒருத்தியின் உம்மாவுக்காக அறுபது பேர் காத்திருப்பார்களா? நிகழ்ச்சி முடிந்தும் கேட்காமலே வாசிக்கும் தாராளம் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அவள் பயத்தில் வாசித்தாள்.

வியாழக்கிழமைகளில் உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "நாளைக்கு எவ்வளவு நேரம் வாசிப்பாய்?" என்ன வாசிக்கிறாய் என்று கேட்டதில்லை. அது றிஸ்மியாவைச் சுட்டது. உயிரோடிருக்கும் நான் உம்மாவுக்குக் கடலைத் திறந்துவிடும் ஆள் மட்டும்தானா என்று நினைப்பாள். நினைத்ததற்காக வெட்கப்படுவாள்.

போன ஜனவரியில் வியன்னாவில் செய்தி வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து ஒரு மணித்தியாலம் போனது, பிறகு இன்னொன்று. மண்டபம் காலியாகிக் கடைசி வரிசையில் நாலு பேர் மிஞ்சினார்கள். அந்த நாலு பேருக்காகக் கடல் நின்றது. ஒருவர் எழுந்து போனார். தொலைபேசி ஒலித்தது. வலது கை வாசித்துக்கொண்டிருக்க அவள் இடது கையால் எடுத்தாள்.

"உம்மா வீட்டுப் படியக் கண்டுட்டா," என்றான் பர்ஸான், மூச்சு வாங்க. "அதில குந்திட்டா. எழும்புறா இல்ல."

"உம்மாட்டக் குடுங்க காக்கா. உம்மா, எழும்பி வாங்க."

"சுவரும் இல்ல, கதவும் இல்ல மகள். படி மட்டும் இரிக்கி. புள்ள வந்தா ஆராச்சும் இரிக்கோணும். நீ வாசி."

சொல்வதற்கு இருபது வருடத்துக் கதை றிஸ்மியாவிடம் இருந்தது. வாயில் வந்தது வேறு. "உம்மா, எனக்குக் கை வலிக்குது."

"எந்தக் கை?"

"ரெண்டும்."

"அத முதல்லயே செல்லப்படாதா? இரி, வாறன்."

திறப்பைப் படியில் வைத்துவிட்டு உம்மா நடந்த வேகத்துக்குத் தன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பர்ஸான் பிறகு சொன்னான். ஒன்பது நிமிடத்தில் செய்தி வந்தது. றிஸ்மியா கையை எடுத்தாள். மிஞ்சிய மூன்று பேர் கைதட்டினார்கள். கடல் வந்து படியையும் திறப்பையும் மூடியது.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அது பின்வாங்குகிறது. சபியா உம்மா கரையோடு நிற்கிறார், இறங்குவதில்லை. ஒரு மணித்தியாலம் ஆனதும் பர்ஸானின் தொலைபேசியை வாங்கி, எங்கோ ஒரு மண்டபத்தில் ஒலிக்கவைத்து, "போதும் மகள், கைய எடு" என்கிறார். பாதியில் நிறுத்திவிடுகிறாள் என்று பத்திரிகைகள் குறை எழுதுகின்றன. அவள் கையை எடுத்துவிடுகிறாள். கடலும் வந்துவிடுகிறது.