பெரியப்பாவின் பதினேழு வருட வாரண்டி

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் என்ன படிக்கிறாய் என்று பேச்சுக்குக் கேட்டேன். "ஆக்சுவேரியல் சயின்ஸ்ங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். புரிந்தவன் ஆட்டுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. வாராது வந்த ஆள் என்று நம்பி அவள் ரசத்தில் தொடங்கி மோர் வரை விளக்கினாள்.

கை கழுவப் போகும்போது எனக்குத் தேறியது இவ்வளவுதான். மனிதர்கள் எந்த வயதில் எத்தனை பேர் சாகிறார்கள், வண்டிகள் எத்தனை முட்டிக்கொள்கின்றன என்றெல்லாம் கணக்கெடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு பிரீமியம் வாங்கலாம் என்று சொல்கிற படிப்பு. கோயமுத்தூரிலேயே காலேஜில் சொல்லித் தருகிறார்கள். இதில் ஒரு கதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பிளஸ் டூ கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்தவர்கள் யாராவது அப்போதே என்னைத் தடுத்திருக்கலாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மரணம் என்பது ஒரு

வேண்டாம். இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: "மேட்டுப்பாளையம் ரோட்டில் இளங்காலை வெயில் பொன்னை உருக்கி

மேட்டுப்பாளையம் ரோட்டில் இளங்காலையில் தெரிவது முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் மட்டும்தான். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "ரித்திகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எண்கள் என்றால் உயிர்."

இது பரவாயில்லை, ஆனால் நம்பமுடியவில்லை. நாயகி இந்தப் படிப்பில் ஏன் சேர்ந்தாள்? காரணம் இல்லாமல் கதாபாத்திரம் நிற்காது என்பார்கள். எண்கள் மேல் காதல் என்று ஒரு காரணம் வைத்தேன். சின்ன வயதில் பார்த்த ஒரு விபத்து என்று இன்னொன்று. அட்மிஷன் அன்றைக்கு அந்த வரிசையில்தான் கூட்டம் குறைவு என்று மூன்றாவது. மூன்றில் எதுவென்று முடிவு செய்யாமலே அவளை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவிட்டேன். பாஸாகிவிட்டாள்.

3

இனி கதை. பெரியநாயக்கன்பாளையத்தில் ரித்திகாவின் அப்பா ரவிக்குமாரும், அவருடைய அண்ணன் பாலுசாமியும் சேர்ந்து மோட்டார் பம்ப்செட் செய்கிற பட்டறை நடத்துகிறார்கள். பாலுசாமியின் பேத்தி கனிஷ்காவுக்கு மூன்று வயது. அவளுக்குக் காதுகுத்து. மண்டபம், பந்தி, சொந்தபந்தம் எல்லாம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வர்ணனை எழுதக் கை வலிக்கிறது.

சாப்பிட்டு முடித்த பெரியப்பா, பல் குத்திக்கொண்டே ரித்திகாவைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நீ படிக்கறது ஆளு எப்ப போவான்னு கணக்குப் போடற படிப்பாமா? எனக்குப் போடு பாக்கலாம்."

"அப்படி ஒருத்தருக்குத் தனியா போட முடியாதுங்க பெரியப்பா."

"சும்மா போடு சாமி. பெரியப்பனுக்கு அறுவத்திரெண்டு."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரித்திகாவுக்கு வெட்கமும் கொஞ்சம் பெருமையும். காலேஜில் படித்த இறப்பு அட்டவணையை* நினைவுபடுத்திக்கொண்டு சொன்னாள்.

"உங்க வயசுக்காரங்க சராசரியா இன்னொரு பதினேழு வருஷம் இருப்பாங்கங்க. ஆனா அது சராசரிதானுங்க. சிலரு முன்னால, சிலரு பின்னால..."

பெரியப்பாவுக்கு அந்தப் பின்பாதி காதில் நன்றாகவே விழுந்தது. அதற்கு அவர் மரியாதை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க மோட்டார் விற்றவர். ஒரு பொருளுக்கு இத்தனை வருடம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், அது வாரண்டி. அதற்குள் பழுதானால் கம்பெனி பொறுப்பு.

* இந்த அட்டவணையில் ஒரு லட்சம் பேர் ஒன்றாகப் பிறந்து, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசிப் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் போகிறார்கள். இத்தனை பேர் சாகிற ஒன்றை அந்தப் பெண் பந்தியில் சிரித்துக்கொண்டே விளக்கினாள். எனக்குத்தான் மோர் இறங்கவில்லை.

4

மறுநாளிலிருந்து பெரியப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டார். டீக்கு ஒரு பக்கோடா என்றிருந்தது ஒரு தட்டு ஆனது.

"வாரண்டி இருக்கற மோட்டாரை எவனாச்சும் கழட்டி சர்வீஸ் பண்ணுவானா?" என்று பெரியம்மா வள்ளியாத்தாளிடம் கேட்டிருக்கிறார்.

ரித்திகா ஓடிப்போய்ச் சராசரி என்றால் என்னவென்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். நூறு பேரை வரிசையாக நிற்க வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தாள்.

"அந்த நூறு பேரும் யாரு கண்ணு? நம்ம பங்காளிகளா?"

"யாரோ நூறு பேருங்க பெரியப்பா."

"யாரோ எவனோ போறதுக்கு நான் எதுக்கு மாத்திரை முழுங்கோணும்?"

இந்தக் கேள்விக்குச் சிலபஸில் பதில் இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

(இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு வெகுளியாக ஒருவர் இருப்பாரா? பிறகு என் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். சந்தேகம் தீர்ந்தது.)

பத்து நாள் கழித்துப் பட்டறையில் பெரியப்பாவுக்குத் தலை சுற்றியது. லேத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், மெஷின்தான் ரிப்பேர் என்று நினைத்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ரித்திகா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பெரியப்பா என்றால் அவளுக்கு அவ்வளவு பிரியம். இந்த இடத்தைச் சிரிப்பாக எழுத இரண்டு முறை முயன்றேன், வரவில்லை.

சாயங்காலம் பெரியம்மா ரித்திகாவின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏந்தம்பி, உன்ற புள்ள வாய்க்கு வந்த கணக்கச் சொல்லிப்போட்டா. இந்த மனுசன் அதையப் புடிச்சுக்கிட்டு ஆடறாரு. நாளைக்கு என்னமாச்சும் ஒண்ணுன்னா ஆரு பதில் சொல்றது?"

பெரியம்மா போன பிறகு ரவிக்குமார் மகளிடம் சொன்னார்: "இந்தப் படிப்பு நமக்கு ஆகாது கண்ணு. பி.காமுக்கு மாத்தித்தாறாங்களான்னு கேக்கறேன்."

ரித்திகா எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. ரவிக்குமாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தானாக முடிவெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆகவே, நிலம் வாங்கும்போதும் போர் போடும்போதும் செய்ததையே இதற்கும் செய்தார். குலசாமியிடம் பூக்கேட்கலாம் என்றார்.

5

(இந்தப் பகுதியில் அந்தியூர் வரைக்குமான கார் பயணம் இருந்தது. கனிஷ்கா மட்டும் பாடிக்கொண்டு வந்தாள். ஒரே பாட்டு. நீக்கிவிட்டேன்.)

6

அந்தியூர்ப் பக்கத்துக் குலசாமி கோயில். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டும் ஒரே மாதிரி இலையில் மடித்து, சாமி முன்னால் வைத்தாயிற்று. வெள்ளை வந்தால் ரித்திகா இதையே படிக்கலாம். சிவப்பு வந்தால் பி.காம். எடுக்க வேண்டியது விவரம் தெரியாத குழந்தை. அதாவது கனிஷ்கா.

ரித்திகாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, ரெண்டு பொட்டலம்னா பாதிக்குப் பாதிங்க. ஒருக்கா எடுத்துட்டு எப்புடிங்க முடிவு பண்றது? ஒரு முப்பது தடவையாச்சும் எடுத்தா..."

பூசாரி கருப்புசாமி திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, முப்பது தடவைங்களா? சாமிக்கு வேற வேலை இல்லீங்களா? நான் நடை சாத்தோணுமுங்க."

பெரியப்பாவும் வந்திருந்தார். மாத்திரை போட்டிருக்கவில்லை, ஆனால் திருநீறு நிறையப் பூசியிருந்தார். கற்பூரம் காட்டினார்கள். ரவிக்குமார் கண்ணை மூடிக்கொண்டார். ரித்திகா மூடவில்லை.

கனிஷ்கா தத்தித் தத்திப் போனாள். ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எல்லோரும் மூச்சை விட்டார்கள். அவள் குனிந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்குத்தான்" என்றாள்.

ரித்திகா சிரித்துவிட்டாள். எல்லாக் கணக்கும் போட்டவள் இதைப் போடவில்லை.

"ஏனுங் பூசாரி, இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார் ரவிக்குமார்.

"ரெண்டும் எடுத்துப்போட்டா, உங்க ஊட்டு விசயத்தை நீங்களே பேசி முடிச்சுக்கோங்கன்னு சாமி சொல்லுதுங்க."

(இது வழிவழியாக வந்த விளக்கமா, நடை சாத்துகிற நேரத்து விளக்கமா என்று எனக்குத் தெரியாது.)

7

முடிவு, முதல் முயற்சி. பெரியப்பா மனம் மாறுகிறார். மடியிலிருந்து மாத்திரையை எடுத்துத் தீர்த்தத்தில் விழுங்கி, "புள்ள படிக்கட்டும்டா ரவி" என்கிறார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எழுதிப் படித்துப் பார்த்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி விளம்பரம் போலவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது. ரித்திகா பி.காமுக்கு மாறிவிடுகிறாள். வீட்டில் அமைதி. ஆனால் அந்த முடிவிலும் பெரியப்பா மாத்திரை போட்டபாடில்லை. அவரைத் திருத்த பி.காமால் ஆகாது.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை, அதுவாகவே நடந்தது. ரவிக்குமார் சாமியைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பூவைப் பிய்த்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்த கனிஷ்காவைப் பார்த்தார். பார்க்க இனி ஆள் இல்லை என்றானதும், மகள் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன கண்ணு சொல்ற? இதையப் படிக்கோணும்னு உனக்கு ஆசையா?"

எனக்கே சுருக்கென்றது. எழுதிய பக்கங்களைத் திரும்பப் புரட்டினேன். பெரியப்பா அவளிடம் தன் ஆயுளைக் கேட்டார். அப்பா சாமியைக் கேட்டார். நானோ அவள் சார்பில் காரணம் மூன்று யோசித்தேன், அவளைக் கேட்கவே இல்லை. இந்தக் கதையில் அவளிடம் யாராவது இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

ரித்திகா வாயைத் திறந்தாள்.

அவள் சொல்வதை நான் எழுதினால் அது நான் சொன்னதாகிவிடும். ஆகவே கீழே ஒரு வரியைக் காலியாக விடுகிறேன். இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் ஒப்படைப்பதுதான் மரியாதை, தெரியும். மன்னிக்க வேண்டும், நீங்களும் அதில் எதையும் எழுதிவிடாதீர்கள். அது அவளுடைய வரி.

ரித்திகா: ..................................................