சோதித்துப் பார்த்த ஃபிலிம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கேமரா ஆசை தலைக்கேறியது. "கையைக் கடிக்காம பாத்துக்குங்க" என்றாள் மனைவி. அவரும் நாயாய் அலைந்து, இருப்பதிலேயே மலிவான கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒரு சுருள் வாங்கி வந்தார். மனைவியை ஜன்னலோரம் நிற்கவைத்து எடுத்தார். மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தார். மிச்சத்தைப் பழுதாகி நின்ற ஒரு லிஃப்டுக்குள் எடுத்துத் தீர்த்தார்.

குளியலறைக் கதவிடுக்கில் போர்வையைத் திணித்து, இருட்டில் அவரே ஃபிலிமைக் கழுவினார். வெளியே மாமியார் கதவைத் தட்டினார். "மாப்ள, உங்க படம் எப்ப வேணா வரட்டும், எனக்கு அவசரம்!"

பிரிண்ட் போட்டால், எல்லாப் படத்திலும் கூடவே ஓர் ஆள். வழுக்கைத் தலை, கோட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. மனைவி பக்கத்தில் அந்த ஆள் கைகட்டி நின்றார். மாமியாரின் மடியில் பாதி உட்கார்ந்திருந்தார். காலி லிஃப்டுக்குள் சலாம் வைத்தார்.

"யாருங்க இது?"

மெக்கானிக் மண்டையைக் குடைந்து பார்த்தார். அட, ஃபிலிம் கடைக்காரர்!

படங்களைப் பார்த்ததும் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "நல்லா விழுந்திருக்கேனே! மலிவு சரக்கு சார், நம்பி விக்க முடியுமா? ஒவ்வொரு சுருள்லயும் கடைசிவரைக்கும் என்னையே எடுத்துப் பாத்துட்டு, பின்னால சுத்தி டப்பாவுல போட்டுருவேன்." மூலையில் அதற்கென்றே கறுப்புத் துணி தொங்கியது. அப்படி எடுத்து முடித்த சுருளின் மேல்தான் மெக்கானிக்கும் எடுத்திருக்கிறார்.

"கழுவிப் பாக்காம நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"கழுவிட்டா அப்புறம் எப்படி சார் விக்கிறது?"

மெக்கானிக் சோதிக்காத சுருள் ஒன்று கேட்டார். "உங்க பொறுப்பு" என்று மனசே இல்லாமல் எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர்.

அதில் படங்கள் கண்ணாடி மாதிரி வந்தன. வீட்டில்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

"என்ன மாப்ள, வெறிச்சுன்னு கெடக்கு?" என்றார் மாமியார். மனைவி பழைய படத்தையே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். "அந்த மனுசன் எவ்வளவு லட்சணமா சிரிக்கிறார்! நீங்க ஒருநாளாவது அப்படிச் சிரிச்சதுண்டா?" வந்தவர்கள் யாரென்று கேட்டால், "மூத்த மாப்பிள்ளைன்னு வச்சுக்குங்களேன்" என்றார் மாமியார்.

மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. கதவைச் சாத்தி, கறுப்புப் போர்வை முன்னால் நின்று, தாடை வலிக்கச் சிரித்துத் தன்னைத்தானே ஒரு சுருள் முழுக்க எடுத்தார். அதைப் பின்னால் சுற்றி, மறுபடி மாமியாரை எடுத்தார்.

வந்த படத்தை மாமியார் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"என்ன மாப்ள, வேலைய விட்டுட்டு நீங்களும் ஃபிலிம் கடை வச்சுட்டீங்களா?"